கேரவன் கூரையில் சோலார்: எவ்வளவு போதும், எப்படிப் பொருத்துவது?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் நீங்கள் பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கிக் கேரவனாக மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள், உங்கள் மனைவி, எழுபது தாண்டிய அம்மா என்று மூன்று பேர். முதலில் ராமேஸ்வரம், அப்புறம் ஊட்டி, உடம்பு ஒத்துழைத்தால் ஒரு நாள் லடாக். பாடி கட்டுகிறவர் 150 வாட் பேனல் நான்கு, 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூப்ளர், அதாவது ஈய-ஆசிட், பேட்டரி இரண்டு, ஒரு பெரிய இன்வர்ட்டர் எல்லாம் போட்டுவிட்டால் ராத்திரி முழுக்க ஏசி ஓடும் என்று சொல்லியிருக்கிறார். அது நடக்குமா, நடக்காது என்றால் என்ன போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவின் இன்சுலினை வைக்க ஒரு சின்ன ஃபிரிட்ஜ் கட்டாயம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நடக்காது சார். நான் கடலூர் முதுநகரில் படகுகளுக்கும் வீடுகளுக்கும் வயரிங் வேலை பார்க்கிறவன். சொந்தமாக ஒரு வேனைக் கட்டி, கூரையில் 400 வாட் போட்டு, ஏழெட்டு வருடமாக ஓட்டிக்கொண்டும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கடைக்குப் போவதற்கு முன் ஒரு ராத்திரிக்கு உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். பேனல் எத்தனை, பேட்டரி எவ்வளவு என்பதெல்லாம் அந்தத் தாளில் இருந்துதான் வரவேண்டும். பாடி கட்டுகிறவர் கூரையின் நீளத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்.

முதலில் ஏசி கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு டன் இன்வர்ட்டர் ஏசி, மே மாதத்தில் தகரக் கூரை வேனுக்குள் சராசரியாக 650 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 5 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. அவர் சொன்ன 600 வாட் பேனல், நம் பக்கத்து வெயிலில் ஒரு நல்ல நாளுக்கு 2 யூனிட் சொச்சம் கொடுக்கும். இரண்டு டியூப்ளர் பேட்டரியில் இருப்பது 3.6 யூனிட். அதில் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், ஆகவே கையில் இருப்பது 1.8 யூனிட். அதிகம் போனால் மூன்று மணி நேர ஏசி. அப்புறம் ஃபிரிட்ஜும் நின்றுவிடும். ராத்திரி முழுக்க ஏசி, மற்றதெல்லாமும் வேண்டும் என்றால் கூரையில் 1,800 வாட் வேண்டும், அதற்கு ஏறக்குறைய 9 சதுர மீட்டர் இடம் வேண்டும். ஏசியின் வெளிப்பெட்டி, காற்றுத் திறப்பு எல்லாம் போக டிராவலர் கூரையில் அவ்வளவு இடம் மிஞ்சாது. ஏசி வேண்டும் என்றால் வண்டிக்கு வெளியே 16 ஆம்பியர் பிளக் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் விடுதி வளாகத்தில் நிறுத்தும் அன்றைக்கு, அங்கே காசு கொடுத்து மின்சாரம் எடுத்து ஏசியை ஓட்டுங்கள். சோலாரை ஏசிக்காகப் போடாதீர்கள்.

இப்போது ஏசி இல்லாத தாள். 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும், குறைவாக மின்சாரம் தின்னும் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, ஒவ்வொன்றும் 25 வாட், ஒன்பது மணி நேரம்: 0.45 யூனிட். 45 லிட்டர் அளவில் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், நம் சூட்டில் பாதி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்: 0.5 யூனிட். விளக்கு, போன், தண்ணீர் பம்ப், காலையில் சட்னிக்கு ஐந்து நிமிடம் மிக்ஸி எல்லாம் சேர்த்து 0.2 யூனிட். இன்வர்ட்டர் தானே தின்பதற்கு 0.1. ஆக 1.25 யூனிட். சமையலுக்கு கேஸ் அடுப்பையே வைத்துக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் முக்கால் மணி நேரம் சமைத்தாலே இந்தக் கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

இன்வர்ட்டர் தானே தின்பது என்று சொன்னேனே, அதைக் கவனியுங்கள். மிக்ஸியோ எதுவுமோ ஓடாதபோதும் சாதாரண இன்வர்ட்டர் 10-ல் இருந்து 20 வாட் வரை இழுத்துக்கொண்டிருக்கும். நாள் முழுக்க ஆன் செய்து வைத்தால் 0.25 முதல் 0.5 யூனிட் சும்மா போகிறது, கிட்டத்தட்ட ஒரு ஃபிரிட்ஜ் ஓடும் அளவு. அதனால்தான் ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ் மூன்றையும் 12 வோல்ட்டிலேயே வாங்கச் சொல்கிறேன். மிக்ஸி அரைக்கும் நேரத்துக்கு மட்டும் இன்வர்ட்டரைப் போட்டு, முடிந்ததும் அணைத்துவிடலாம். அதற்கு வீட்டு மின்சாரம் மாதிரியே சீரான அலையாகக் கொடுக்கும் 1,000 வாட் ப்யூர் சைன் வேவ் இன்வர்ட்டர் போதும்.

1.25 யூனிட்டுக்கு எவ்வளவு பேனல்? புதுச்சேரி, கடலூர் பக்கம் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு 5 மணி நேர முழு உச்சி வெயிலுக்குச் சமமான வெளிச்சம் கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மாசி, பங்குனி, சித்திரையில் 6 மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் 3 மணி நேரமும் கிடைக்கலாம், அடைமழை நாளில் ஒரு மணி நேரத்துக்குச் சமமான வெளிச்சம்கூட இல்லாமல் போகலாம். சூடு, தூசி, வயர், பேட்டரி என்று வழியில் போகிற இழப்புக்கெல்லாம் சேர்த்து 0.72 ஆல் பெருக்குங்கள். 540 வாட் பேனல் ஒன்று என்றால் சராசரி நாளில் 1.9 யூனிட், மழைக்காலத்தில் 1.1 சொச்சம், இருண்ட நாளில் 0.4. உங்கள் தேவைக்கு இது பொருந்துகிறது.

அதனால் என் யோசனை இதுதான்: வீட்டு மாடிகளில் போடுகிற 540 வாட் மோனோ பேனல் ஒன்று, 12.8 வோல்ட் 200 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று, பேனல் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் 100 வோல்ட் 50 ஆம்பியர் எம்பிபிடி கன்ட்ரோலர் ஒன்று, எஞ்சினில் இருந்து சார்ஜ் ஏற்ற 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று.

ஏன் ஒரே பெரிய பேனல்? நான்கு 150 வாட் பேனல் 4 சதுர மீட்டர் இடத்தை அடைக்கும், எடை 45 கிலோவுக்கு மேல் வரும். 540 வாட் பேனல் ஏறக்குறைய 2.28 மீட்டருக்கு 1.13 மீட்டர், அதாவது 2.6 சதுர மீட்டர், எடை 28 கிலோ. வாட்டுக்கு விலையும் குறைவு, இணைப்புகளும் குறைவு. வண்டியில் இணைப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, குலுக்கலில் முதலில் போவது இணைப்புதான். ஒரே ஒரு விஷயம், கூரை நடுவில் காற்றுத் திறப்பு வைத்திருந்தால் இந்த நீளம் உட்காராது. அப்போது 200, 250 வாட் பேனல் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாடி உள்ள வகையை வாங்காதீர்கள். பின்பக்கமும் மின்சாரம் எடுக்கும் வசதி வேன் கூரையில் வீண், எடைதான் கூடும். கூரையோடு ஒட்டிக்கொள்ளும் வளையும் பேனலும் வேண்டாம். அடியில் காற்றே போகாமல் வெந்து, சில வருடத்திலேயே பழுப்பேறிவிடும்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பேனலைச் சுருக்குவது இதுதான். பேனல் மேல் அச்சடித்திருக்கும் 540 வாட் என்பது பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்த அளவு. அக்னி நட்சத்திர மதியத்தில் கூரையோடு ஒட்டிக் கிடக்கும் பேனல் 70 டிகிரிக்குப் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் வீதம் 45 டிகிரிக்குக் கிட்டத்தட்ட 16 சதவீதம் போய்விடுகிறது. கூரைக்கும் பேனலுக்கும் நடுவே நான்கு விரல்கடை இடைவெளி விட்டால் காற்று புகுந்து சூடு இறங்கும், இழப்பும் குறையும். அதோடு பேனல் கூரைக்குக் குடை பிடித்த மாதிரி ஆகிறது. பேனலுக்கு அடியில் இருக்கும் தகரத்தையும் மற்றப் பக்கத் தகரத்தையும் மதியம் உள்ளேயிருந்து கையால் தொட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். அம்மா படுக்கும் இடத்துக்கு மேலே பேனல் வருகிற மாதிரி வையுங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் பேனலைச் சாய்த்து நிறுத்துகிற ஸ்டாண்ட் காட்டுவார்கள், அது அவர்களுக்குத் தேவை. ஜெர்மனியில் டிசம்பர் மதியத்தில் சூரியன் அடிவானத்தில் இருந்து 15, 16 டிகிரி உயரம்தான் ஏறும். புதுச்சேரி கிட்டத்தட்ட 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே மார்கழியிலும் மதியச் சூரியன் 54, 55 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் உச்சிக்கு நேராகவே வந்து, நட்டுவைத்த கம்பின் நிழல் காலடியில் மறைந்துபோகும். நடுவில் ஜூன் மாதம் வடக்குப் பக்கம் போய்விடுகிறது. நமக்குக் கூரையில் படுத்த பேனலே சரி. தண்ணீர் தேங்காமல் ஓட இரண்டு மூன்று டிகிரி சாய்வு இருந்தால் போதும்.

சாய்வைவிடப் பெரிய எதிரி நிழல். இதை நீங்களே பார்க்கும்படி ஒரு வழி சொல்கிறேன். என்னிடம் வேலை கற்க வரும் பையன்களுக்கும் இதைத்தான் முதலில் காட்டுவேன். இப்போதைய பேனல்களில் செல்கள் மூன்று பத்திகளாகவும், ஒவ்வொரு பத்தியும் மேல் பாதி, கீழ் பாதி என்றும் பிரிந்திருக்கும். நல்ல வெயிலில் 540 வாட் பேனல் 390 வாட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, ஒரே ஒரு செல்லின் மேல் நாலாக மடித்த துண்டை வையுங்கள். மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மீட்டர் 260-க்கு இறங்கிவிடும், அந்தப் பத்தியே வேலையில் இருந்து விலகிக்கொள்கிறது. இப்போது துண்டை விரித்து, குட்டைப் பக்கத்து ஓர வரிசையை முழுக்க மூடுங்கள். 195-க்குப் போகும், சரிபாதி. அடுத்து நீளப் பக்கத்து ஓரத்தில் ஒரு வரிசையை மூடினால் திரும்ப 260. ஆகவே கேரியர் கம்பி, ஏணி, டிஷ் ஆன்டெனா, ஏசிப் பெட்டி எதுவானாலும் அதன் நிழல் பேனலின் குட்டைப் பக்கத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் நீளப் பக்கத்தில் விழட்டும்.

நம் கடற்கரை முழுக்கச் சவுக்குத் தோப்பு. வண்டியை நிறுத்த ஆசையாக இருக்கும், காற்றும் சுகமாக இருக்கும். சவுக்கு நிழல் பார்வைக்கு மெல்லிசாகத் தெரிந்தாலும் பேனல் முழுக்கப் பரவி விழுவதால் விளைச்சல் பாதிக்குக் கீழே போய்விடும். போதாததற்கு ஊசி மாதிரி சருகு கொட்டி ஃபிரேம் ஓரத்தில் சேரும். தென்னந்தோப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை, தேங்காய் ஒன்று விழுந்தால் கண்ணாடி போய்விடும். நான் செய்வது இது: காலை 10 மணியில் இருந்து 2 மணி வரை வண்டியை வெட்டவெளியில் நிறுத்திவிடுவேன். அன்றைய விளைச்சலில் பாதிக்கு மேல் அந்த நான்கு மணி நேரத்திலேயே வந்துவிடும். அந்த நேரத்தில் நாங்கள் கோயிலிலோ, கடைத்தெருவிலோ, பிச்சாவரம் படகிலோ இருப்போம். அப்புறம் நிழலுக்குக் கொண்டுவந்து விடலாம். அம்மாவை வைத்துக்கொண்டு அப்படி முடியாத நாளும் வரும். அதற்காக மடித்து வைக்கும் 100 வாட் பேனல் ஒன்றும் பத்து மீட்டர் கேபிளும் வண்டியில் இருக்கட்டும். வண்டி நிழலில், அந்தப் பேனல் வெயிலில். அதற்குச் சின்னதாகத் தனி எம்பிபிடி வைத்துவிடுங்கள், கூரைப் பேனலோடு சேர்க்காதீர்கள், இரண்டின் வோல்ட்டேஜும் வேறு வேறு.

கன்ட்ரோலர் விஷயத்தில் ஏமாறாமல் இருக்கவேண்டும். பிடபிள்யூஎம் என்கிற மலிவு வகை, பேனலை பேட்டரி வோல்ட்டேஜுக்கு இழுத்து இறக்கிவிடும். 41 வோல்ட்டில் வேலை செய்யவேண்டிய பேனலை 13 வோல்ட்டில் வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு வீண். எம்பிபிடி பேனலை அதன் வோல்ட்டேஜிலேயே விட்டு, பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும். பெட்டியில் எம்பிபிடி என்று அச்சடித்து உள்ளே பிடபிள்யூஎம் வைத்து விற்கிற பெட்டிகளும் சந்தையில் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். வெயில் நன்றாக அடிக்கும்போது, பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது, மல்டிமீட்டரை முதலில் பேனல் முனையில் வையுங்கள், அடுத்து பேட்டரி முனையில். 38-ம் 13.4-ம் காட்டினால் எம்பிபிடி. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால் அது பிடபிள்யூஎம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கன்ட்ரோலர் தாங்கும் உச்சம் 100 வோல்ட் என்று ஏன் சொன்னேன் என்றால், அந்த 540 வாட் பேனலைச் சும்மா திறந்து வைத்தால் 49 வோல்ட் வரை காட்டும். பின்னால் ஆசைப்பட்டு இன்னொரு பேனல் வாங்கித் தொடராக இணைத்தால் 98. கடலூரில் ஓடிவிடும். ஊட்டிக்குப் போய் விடியற்காலை 5 டிகிரிக் குளிரில் முதல் வெயில் பட்டதும் பேனல் வோல்ட்டேஜ் 5 சதவீதம் ஏறும், 103 ஆகும், கன்ட்ரோலர் அங்கேயே செத்துவிடும். குளிரில் பேனல் வோல்ட்டேஜ் ஏறும் என்பதைச் சமவெளியிலேயே வேலை பார்க்கிறவர்கள் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. இரண்டாவது பேனல் போட்டால் இணையாக இணையுங்கள், அதற்கேற்ற பெரிய கன்ட்ரோலரும் வாங்குங்கள்.

பேட்டரிக்கு வருவோம். டியூப்ளர் பேட்டரி வீட்டுக்கு அருமையான சாமான், வண்டிக்கு ஆகாது. இரண்டும் சேர்ந்து 110 கிலோவுக்கு மேல். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும், நீங்கள் மூன்று பேரும் அதே அறைக்குள் தூங்கப்போகிறீர்கள். மலைப்பாதை வளைவில் ஆசிட் தளும்பும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஈய பேட்டரி கடைசி 20 சதவீதத்தை மெதுவாகத்தான் வாங்கும், அதற்கே சில மணி நேரம் பிடிக்கும். சோலாரில் அந்த நேரம் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நாள் கணக்கில் முழுதாக நிரம்பாமலேயே கிடந்தால் தட்டுகளில் சல்பேட் படிந்து, இரண்டு மழைக்காலத்துக்குள் கொள்ளளவு கரைந்துபோகும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 200 ஏஎச் 25 கிலோ சுமார். 2.5 யூனிட் கொள்ளளவில் 85 சதவீதம் எடுத்தாலும் தாங்கும். வெயிலே இல்லாமல் உங்கள் கணக்குக்கு ஒன்றே முக்கால் நாள் ஓடும். பாதி சார்ஜிலேயே நின்றாலும் அதற்குக் கேடில்லை. விலை அதிகம்தான், ஆனால் ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். கன்ட்ரோலரில் மறக்காமல் லித்தியம் என்று மாற்றி, சார்ஜ் ஏற்றும் அளவு 14.2 வோல்ட், நிரம்பிய பிறகு பிடித்துவைக்கும் ஃப்ளோட் 13.5 என்று வையுங்கள். ஈக்குவலைஸ் என்று ஈய பேட்டரிக்கான அமைப்பு ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். எஞ்சினுக்குப் பக்கத்திலோ வெயில் படும் பக்கத் தகரத்தோடு ஒட்டியோ பேட்டரியை வைக்கக்கூடாது. லடாக் போகும்போது ஒன்று: பேட்டரி பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக்கூடாது. அந்தப் பாதுகாப்பு பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டான பிஎம்எஸ்ஸில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

டிசி-டிசி சார்ஜரை ஆடம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்களே, அந்த இரண்டு மாதமும் உங்களைக் காப்பாற்றுவது அதுதான். புதுச்சேரியில் இருந்து சிதம்பரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினால் 0.7 யூனிட் ஏறிவிடும். மூட்டமான நாளில் கூரை முழுநாளும் கொடுப்பதைவிட அது அதிகம். சார்ஜர் இல்லாமல், எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில் இருந்து லித்தியத்துக்கு நேராக வயர் இழுத்தால், பேட்டரி கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை நெருங்கிய மழை. எங்கள் தெருவிலும் கரண்ட் போய்விட்டது. அந்த இருட்டில் என் 400 வாட் பேனல் மறுநாள் முழுக்கச் சேர்த்தும் 0.2 யூனிட்தான் கொடுத்தது. ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, போன் சார்ஜும் ஃபிரிட்ஜும் மட்டும் ஓடட்டும் என்று விட்டேன். பக்கத்து வீட்டு ஆயாவின் இன்சுலின், எதிர் வீட்டில் ஒருவருடையது என்று என் வேன் ஃபிரிட்ஜுக்குள் மருந்துப் பெட்டிகள் வந்து சேர்ந்தன. திறக்காத இன்சுலின் 2-ல் இருந்து 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும், உறையவும் கூடாது. வானம் தெளியாததால் ராத்திரியில் ஒன்றரை மணி நேரம் எஞ்சினை ஓட விட்டு பேட்டரிக்கு ஏற்றினேன். அந்த அனுபவத்துக்குப் பிறகு ஃபிரிட்ஜுக்குத் தனி ஃபியூஸ், தனி வயர் என்று பிரித்துவிட்டேன். பேட்டரி 20 சதவீதத்துக்கு வந்தால் மற்ற எல்லாம் தானாக அணையும், ஃபிரிட்ஜ் மட்டும் ஓடும். உங்கள் வண்டியிலும் அம்மாவுக்காக இப்படிப் பிரித்து வையுங்கள்.

பொருத்துகிற வேலை. டிராவலர் கூரையில் உள்ளே குறுக்கே ரிப் ஓடும். அந்த ரிப்பில் பிடிக்கிற மாதிரி மூன்று அலுமினிய சேனலைக் குறுக்காகப் போடுங்கள். இரண்டு சேனல் போதும் என்பார்கள். வீட்டு பேனல் நின்ற இடத்தில் இருப்பதற்காகச் செய்தது, ரோட்டில் குலுங்கும்போது நடுவில் கண்ணாடி அதிரும், மூன்றாவது சேனல் ஃபிரேமுக்குத் தாங்கல். சேனலுக்கு அடியில் ரப்பர் பட்டை, துளையைச் சுற்றிக் கார் கண்ணாடி ஒட்டுகிற வகைப் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட், அதிலும் வெயில் தாங்கும் வகை. வினிகர் வாசம் அடிக்கும் பாத்ரூம் சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம், அது தகரத்தை அரிக்கும், ஒரு வருடத்தில் உரிந்தும் வரும். நட்டுகள் எல்லாம் குலுக்கலில் கழலாத நைலாக் வகை. பேனலின் முன் ஓரத்தில் காற்று அடியில் புகுந்து தூக்காதபடி சாய்வாக ஒரு தகட்டைக் கட்டிவிடுங்கள், இடைவெளியை முழுக்க அடைத்துவிடாமல். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை ஏறி எல்லா நட்டையும் திரும்ப முறுக்குங்கள்.

உப்புக்காற்று இங்கே ஈவு இரக்கம் பார்க்காது. வீட்டு மாடிக்குப் போடும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்க்ரூ அலுமினியத்தோடு சேர்ந்தால் ஒரே மழைக்காலத்தில் துரு வழியும். படகுக்குப் போடும் 316 எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டையே போடுங்கள், 304-ம் நாளடைவில் புள்ளி விழும். அலுமினியமும் எஸ்எஸ்ஸும் தொடும் இடத்தில் நைலான் வாஷர். கேபிள் ஈயம் பூசிய செம்புச் சோலார் கேபிளாக இருக்கட்டும். வெறும் செம்பு என்றால் உறைக்குள்ளேயே பச்சை பூத்துப்போகும், வெளியே பார்த்தால் புதுசாகத்தான் இருக்கும். பேனல் வாங்கும்போது உப்புப்பனிச் சோதனையான ஐஇசி 61701 தேறியதா என்று தகவல் தாளில் பாருங்கள்.

வயரிங்கில் மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். கன்ட்ரோலரை பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள். பேனலில் இருந்து வரும் 13 ஆம்பியருக்கு 4 ஸ்கொயர் எம்எம் கேபிள் தாராளம், ஐந்து மீட்டர் தூரத்துக்கு அரை வோல்ட் சொச்சம்தான் போகும், 41-ல் அது ஒன்றுமில்லை. அதே கேபிளை கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவே அதே தூரத்துக்குப் போட்டு 30 ஆம்பியர் ஓட்டினால் 1.3 வோல்ட் போகும், 13-ல் பத்தில் ஒரு பங்கு. அங்கே ஒரு மீட்டர் போதும், அதிலும் 16 ஸ்கொயர் போடுங்கள். இன்வர்ட்டருக்கு 35 ஸ்கொயர்.

இரண்டாவது, பேட்டரி பாசிட்டிவில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், அதை வெட்டுவதற்குக் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ்தான் சரி. வீட்டு மின்சாரத்துக்கான எம்சிபியை, அதாவது கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்சை, இந்தப் பக்கம் போடாதீர்கள். வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் உள்ளே எழும் பொறி தானே அணையும், பேனலும் பேட்டரியும் தருகிற டிசி மின்சாரத்தில் அப்படி அணைவதில்லை. ஒரு மாடியில் பல பேனல்களைத் தொடராக இணைத்த இடத்தில் யாரோ சாதாரண எம்சிபி போட்டிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது நெம்புகோல் கீழே இறங்கியிருந்தது, உள்ளே தொடுமுனை கரியாகி, உறை தேன்மெழுகு மாதிரி உருகி வழிந்து இறுகியிருந்தது. டிசி எம்சிபி என்று தனியாக விற்கிறார்கள், அதிலும் பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்று குறித்திருப்பதைப் பார்த்து இணையுங்கள். மூன்றாவது, இணைக்கும்போது கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல். இது மாறினால் சில கன்ட்ரோலர்கள் வோல்ட்டேஜ் தெரியாமல் கெட்டுவிடும். கேபிள் கூரைக்குள் நுழையும் இடத்து நீர்புகா மூடியான கிளாண்டை வண்டியின் பின்பக்கம் பார்த்து வையுங்கள், நுழைவதற்கு முன் கேபிளில் ஒரு தொங்கல் இருக்கட்டும், மழைத்தண்ணீர் அதன் வழியே சொட்டிவிடும்.

கழுவுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். விடியற்காலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது கழுவுங்கள். மதியம் கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். போர் தண்ணீர் நம் பக்கம் பல இடத்தில் உப்பு, காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். கடைசியாக ஒரு குடம் மழைத்தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ ஊற்றிப் பழைய பருத்தி வேட்டியால் துடைத்துவிடுங்கள். சபீனா, நார் எதுவும் கூடாது. காக்கை எச்சம் ஒரு செல்லை மூடினாலே மூன்றில் ஒரு பங்கு போகும் என்று மேலே சொன்னதை நினைவில் வைத்து, அதை மட்டும் அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

ஆர்டிஓ பக்கமும் ஒரு முறை போய் வாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரவனுக்கு ஏஐஎஸ் 124 என்று தனி விதிமுறையே இருக்கிறது. துளை போடும் முன் எழுத்தில் அனுமதி வாங்கி, ஆர்சியில் பதிவும் செய்துவிட்டால் இன்சூரன்ஸ் விஷயத்திலும் தொல்லை இருக்காது.

எல்லாம் பொருத்திய பிறகு நேராக ராமேஸ்வரம் கிளம்பிவிடாதீர்கள். லாஸ்பேட்டை வீட்டு வாசலிலேயே மூன்று ராத்திரி வண்டிக்குள் தூங்குங்கள். பேட்டரி நெகட்டிவில், போகிற வருகிற ஆம்பியரை எண்ணும் ஷண்ட் வைத்த மீட்டர் ஒன்றைப் போட்டிருங்கள். லித்தியத்தின் வோல்ட்டேஜ் பெரும்பகுதி நேரம் ஒரே இடத்தில் நிற்கும், அதை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லமுடியாது. படுக்கும்போது எத்தனை சதவீதம், காலை ஆறு மணிக்கு எத்தனை, மாலை நான்கு மணிக்கு எத்தனை என்று மூன்று நாளும் எழுதுங்கள். நான்கு மணிக்கு நூறைத் தொடவில்லை என்றால் ஃபிரிட்ஜின் வயரையும் இன்வர்ட்டர் சுவிட்சையும் முதலில் பாருங்கள். அந்த எண்களையும் கூரையின் அளவையும் இங்கே எழுதினால், மீதியைப் பார்த்துச் சொல்கிறேன்.